இடைவேளைக்கு முன்னால பறந்த குதிரை

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க டீச்சர், எனக்கு வேண்டாம். பஸ்ஸு போற வேகத்துல காத்து அடிச்சா கொண்டை கலைஞ்சிரும், நாலு முழம் பூ வேற வச்சிருக்கேன். டீச்சர்தானே? மடியில பேப்பர் கட்டு, சிவப்புப் பேனா. என்ன பாடம்? கணக்கா? ஆத்தாடி. நான் கணக்குல முட்டை வாங்கினவ, கொஞ்சம் தள்ளியே உக்காந்துக்கிடுதேன்.

சேலையப் பாக்கீக. கல்யாண வீடு இல்ல. சினிமாவுக்குப் போறேன். சிரிக்காதீக டீச்சர், சினிமாவுக்குப் பட்டுக் கட்டக்கூடாதுன்னு சட்டமா இருக்கு?

‘வஜ்ரகிரி வேங்கை’ன்னு ஒரு படம். கேள்விப்பட்டிருக்கீகளா? எங்க கேள்விப்பட்டிருக்கப் போறீக. எண்பத்தாறுல வந்தது. நீங்க அப்ப பொறந்திருந்தாலே பெருசு. அந்தப் படத்தைத் தொடச்சு, பளபளன்னு கலர் ஏத்தி, இன்னைக்கு ஒரே ஒரு ஆட்டம், மத்தியானம் ரெண்டரைக்குத் திருநெல்வேலியில போடுதாக. போஸ்டரைப் பாத்த அன்னைக்கு நடுரோட்டுல நின்னு கையத் தட்டிட்டேன். கீரை வித்துக்கிட்டு இருந்தவ பயந்துபோய்க் கூடையத் தூக்கிட்டா.

பின்னால திரும்பிப் பாருங்க, ஆம்பளைக பக்கம் அஞ்சாவது சீட்டு. வெள்ளைச் சட்டை, மடியில மஞ்சப்பை. அதுதான் எங்க வீட்டுக்காரரு. பைக்குள்ள முறுக்கும் தண்ணியும். மூஞ்சியப் பாத்தீகளா? ஊசி போடக் கூட்டிட்டுப் போற மாதிரி உக்காந்திருக்காக. இந்த வாரம் முழுக்க அப்படித்தான். நான் ஆட்டமாடுதேன், அவுக சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்காக. ஏன்னு சொல்லுதேன், மெதுவா வாரேன்.

கதையா? கதை என்ன பெரிய கதை. வஜ்ரகிரின்னு ஒரு நாடு. கபாலகேதுன்னு ஒரு மந்திரவாதி வந்து ராசாவைக் கல்லாக்கிட்டான். ராசா மகன் காட்டுல வேங்கையோட வேங்கையா வளருதான். அவனுக்கு ஒரு வாளு, ஒரு இளவரசி, ஒரு பறக்கும் குதிரை. போதுமே, இதுக்கு மேல மனுசனுக்கு என்ன வேணும்?

குறை சொல்லணும்னா நானே சொல்லுதேன், நீங்க சிரமப்பட வேண்டாம். சேனாதிபதி கையில வாட்ச் கட்டியிருப்பான். மணி பத்தே கால். கோட்டையப் பிடிச்சு, கொடியேத்தி, ஊரே கொண்டாடி முடிக்கும்போதும் பத்தே கால்தான். இளவரசி தூணுல சாஞ்சு அழுதான்னா தூணும் சேந்து ஆடும். கபாலகேதுவுக்கு ரெண்டு கொம்பு. சண்டையில ஒரு கொம்பு கழண்டு விழுந்துரும். அவன் என்ன செய்தான்னு நினைக்கீக? குனிஞ்சு எடுத்து ஒட்டிக்கிட்டு, விட்ட எடத்துல இருந்து சிரிக்கான் டீச்சர்! இந்தக் காலத்துல அப்படித் தொழில் பக்தி யாருக்கு இருக்கு?

குதிரை தரையில நிக்கும்போது செவலை. பறக்கும்போது வெள்ளை. என் தம்பி கோமதிநாயகம் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பான். மேல போனா குளிரு, வெளுக்கும்லா, இது ஒரு பெரிய விசயமா? ரெண்டு ரெக்கையில ஒண்ணுதான் அடிக்கும், இன்னொண்ணு விறைச்சுக்கிட்டு நிக்கும். ஒரு ரெக்கையிலேயே பறக்கத் தெரிஞ்ச குதிரை எதுக்கு ரெண்டையும் அடிக்கணும்? கம்பி தெரியுதும்பாக. தெரியட்டுமே. கம்பி இல்லாம குதிரை எப்படிப் பறக்கும்?

எனக்கு அந்தப் படம்னா உசுரு டீச்சர். இத்தனை ஓட்டையோட உசுரு. இப்ப வார படத்துல ஆயிரம் குதிரை பறக்கு, ஒண்ணுலயும் கம்பி தெரியல. எனக்கு ஒரு மசுரும் சிலிர்க்கலை. மன்னிச்சுக்கோங்க, வாய் தவறிருச்சு.

சண்டை எதுலன்னா, குதிரை எப்பப் பறக்குதுங்கிறதுல. நான் சொல்லுதேன், இடைவேளைக்கு முன்னால பறக்கும். அப்படித்தான் நான் பாத்தேன். அஞ்சு சனிக்கிழமை பாத்தேன். கபாலகேது தலையில குளம்பால ஒரு மிதி, அவன் செத்தான், இடைவேளை. கோமதிநாயகம் என்ன சொல்லுதான், படம் முடியுறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் பறக்கும்கான். அவன் ரெண்டாம் ஆட்டம் பாத்தவன். தூங்கி வழிஞ்சுக்கிட்டுப் பாத்திருப்பான். எங்க அத்தை மக நாச்சியாவும் கடைசியிலதாம்பா. அவ செவ்வாக்கிழமை போனா, கைப்பிள்ளையத் தூக்கிட்டு. பிள்ளைய அமத்துவாளா, படம் பாப்பாளா? பெறகு கேபிள் டிவியில ஒருக்கா போட்டான், அதுலயும் கடைசியில. டிவிக்காரன் எதைத்தான் ஒழுங்காப் போட்டான்? வெட்டி ஒட்டியிருப்பான்னு நான் சாதிச்சுட்டேன்.

இதுல கூத்து என்னன்னா டீச்சர், எங்க வீட்டுக்காரரு யாருன்னு நினைக்கீக? அந்தப் படம் ஓடின செண்பகா டாக்கீஸ்ல ஆப்ரேட்டர்! படம் ஓட்டினவுகளே அவுகதான்! ஆறு வாரம் நாளு தவறாம ஓட்டின மனுசன். வீட்டுல விசேசம்னு கூடுவோம், நானும் கோமதிநாயகமும் பந்தியிலேயே மல்லுக்கு நிப்போம், எல்லாரும் அவுகளைத் திரும்பிப் பாப்பாக. ‘அத்தான், நீங்க சொல்லுங்க, குதிரை எப்பப் பறக்கும்?’ அவுக இலையப் பாத்துக்கிட்டே, ‘எனக்கு ஞாபகம் இல்ல’ம்பாக. முப்பத்தேழு வருசமா இதே பதில்! கட்டின பொண்டாட்டிக்காக ஒரு தடவை, ஒரே தடவை, ‘ஆமா, வடகாசி சொல்லுறதுதான் சரி’ன்னு சொன்னா வாய் வெந்துருமா? அதுதான் எனக்கு ஆத்தாமை.

இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே போன சண்டைதான். போன தீபாவளிக்கு எங்க மக பிரேமா வந்தா. கோயம்புத்தூர்ல இருக்கா. அவ போன்ல அந்தப் படத்தைத் தேடி எடுத்துட்டா. ‘இந்தாம்மா, முழுப் படம், நீயே பாரு’ன்னு கையில குடுத்தா. குதிரை கடைசியில பறக்கு. நான் ‘இது தப்பு’ன்னேன். அவ சிரிக்கலை டீச்சர். என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. முந்தின நாளு நான் சாம்பார்ல ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன். மூக்குக்கண்ணாடியத் தலையில வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடினேன். அதையெல்லாம் அவ மனசுல வரிசையா அடுக்கி வச்சிருக்கா. ‘அம்மா, நடக்காத ஒண்ணை நீ இவ்வளவு நிச்சயமாச் சொல்லுறது எனக்குப் பயமா இருக்கும்மா. ஒரு ஸ்கேன் எடுத்துப் பாப்போம்’னா.

எங்க பெரியக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு. கடைசி ரெண்டு வருசம் என்னைப் பாத்து, ‘நீ யாரு வீட்டுப் பிள்ளை’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. சின்னதுல அவ இடுப்புல வளந்தவ நான்.

எனக்கும் பயம் வந்துருச்சு டீச்சர். வெளிய காட்டிக்கிடலை. உப்பு, கண்ணாடியெல்லாம் போகட்டும். அந்தக் குதிரை பறந்தது என் கண்ணுக்குள்ள அப்படியே இருக்கு. அதுவே இல்லைன்னா, என் தலைக்குள்ள இருக்கிற மத்ததுல எது உள்ளது, எது இல்லாதது? பிரேமாகிட்ட சொல்லிட்டேன். கொட்டகையில, பெரிய திரையில, முழுசாப் போடும்போது பாப்பேன். குதிரை இடைவேளைக்கு முன்னால பறந்தா என் தலை சரியா இருக்கு. கடைசியில பறந்தா, திங்கக்கிழமையே நீ சொல்லுற ஆஸ்பத்திரிக்கு வாரேன்னு. அவ ஆஸ்பத்திரிச் சீட்டே வாங்கி வச்சுட்டா. அதுக்குத்தான் இன்னைக்குப் போறேன். ஆனா பறக்கும் டீச்சர், எனக்குத் தெரியும். அதான் பட்டுச்சேலை. ஜெயிக்கப் போறவ நூல் சேலையிலயா போவா?

முதல் தடவை போனதைச் சொல்லணும். எனக்குப் பதினெட்டு வயசு. ஊரு நொச்சிகுளம், டவுனுக்கு ஒம்பது மைலு. சனிக்கிழமை மட்டும் டவுன்ல தையல் கிளாஸ். எங்க அய்யா அதுக்கு மட்டும்தான் விடுவாக. அஞ்சு மணி பஸ்ல ஏறி வந்துரணும். அதை விட்டா எட்டு மணிக்குத்தான் பஸ், எட்டு மணி பஸ்ல வந்து எறங்கினா அய்யா தோலை உரிச்சிருவாக. நான் என்ன செய்தேன்னா, தையல் கிளாஸுக்கு முழுக்குப் போட்டுட்டு மேட்னிக்குப் போயிட்டேன். இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஜாக்கெட்டுக்கு ஊக்கு வச்சுத் தைக்கத் தெரியாது. அதுக்கும் அந்தப் படம்தான் காரணம்.

போஸ்டர்ல பாதி வானத்துக்குக் குதிரை பறக்கு. உள்ள போய் உக்காந்தா, குதிரை லாயத்துல நின்னு கொள்ளு திங்கு. இடைவேளை வந்துச்சு, குதிரை கொள்ளு திங்கு. மணி நாலே முக்கால் ஆச்சு, அப்பவும் அது அசையலை. எனக்கு அழுகையா வந்துருச்சு. எந்திரிச்சு வெளிய வந்தா, மெசின் ரூம் படியில ஒல்லியா ஒருத்தன், கையில டீ கிளாஸ். பிடிச்சேன் பாருங்க ஒரு பிடி. ‘ஏன்யா, போஸ்டர்ல குதிரையப் பறக்க விட்டுட்டு உள்ள கொள்ளுத் திங்க விடுதீகளா? ஊரை ஏமாத்தவா கொட்டகை கட்டியிருக்கீக?’

‘பறக்கும். இன்னும் அரைமணி நேரத்துல பறக்கும், உள்ள போய் உக்காரு’ன்னாக.

‘அரைமணி நேரத்துல அஞ்சு மணி பஸ்ஸு பறந்துரும்!’

‘வேற நாளு வரக்கூடாதா?’

‘சனிக்கிழமைதான் தையல் கிளாஸ்.’

‘அப்ப அடுத்த சனிக்கிழமையும் வருவியா?’

‘வந்தா? வந்தா மட்டும் பறக்க விட்டுருவீகளோ?’ன்னு கேட்டுட்டு ஓடியே போயிட்டேன். எதுக்கு இத்தனை கேள்வின்னு எனக்கு அப்பவும் தெரியல. கேள்வி கேக்குறது அவுக பழக்கம். இப்பவும் ரசத்தை வச்சா, கொதிச்சுதா, கொதிச்சுதான்னு மூணு தடவை கேப்பாக.

அடுத்த சனிக்கிழமை மனசு கேக்கலை, போயிட்டேன். இளவரசி சிறையில கெடக்கா, பாட்டு முடிஞ்சுது. இனிமே இடைவேளைன்னு நான் செருப்பை மாட்டப் போறேன். திடீர்னு திரை முழுக்க வெள்ளை. என்னன்னு பாத்தா, மேகம்! பஞ்சு மேகம்! அதைக் கிழிச்சுக்கிட்டு வருது டீச்சர் குதிரை! ஒரு ரெக்கைய அடிச்சுக்கிட்டு, கம்பியில ஆடிக்கிட்டு, என்னமா வருது! மேகத்து மேல குதிரையோட நெழலு விழுது. மேகத்துமேல எப்படி நெழலு விழும்னு கோமதிநாயகம் கேப்பான். விழுந்துச்சே, நான் பாத்தேனே! பெஞ்சுமேல ஏறி நின்னுட்டேன். பக்கத்துல யாரோ ஒரு பொம்பளை கையப் பிடிச்சுக்கிட்டு நானும் அவளும் கத்துதோம். வாழ்க்கையில அவ்வளவு சந்தோசமா நான் கத்தினதே இல்ல. பிரேமா பொறந்தப்போ கத்தினேன், அது வேற.

கபாலகேது செத்தான். விளக்கு எரிஞ்சுது. எல்லாரும் முறுக்கு வாங்கப் போயிட்டோம். திரும்பி வந்தா அவன் உசுரோட நின்னு சிரிக்கான். ஆம்பளைக பக்கம் ஒரு பெரியவர், ‘ஏலே, செத்தவன் எப்படிலே வந்தான்’னு சத்தம் போட்டாரு. ‘மந்திரவாதில்லா வேய், பேசாம இரும்’னு அடக்கிட்டாங்க. சரிதானே? ஒரே உசுருன்னா அவன் என்ன மந்திரவாதி?

எனக்குப் பெருமைன்னா பெருமை. பாத்தீகளா, ஒரு பொட்டப்பிள்ளை சத்தம் போட்டதும் கொட்டகைக்காரன் பயந்துபோய் படத்தைச் சரியா ஓட்டிட்டான்! முந்தின வாரம் ஏதோ குளறுபடி பண்ணியிருக்கான், நான் கேட்டதும் திருத்திட்டான். பெறகு எல்லாச் சனிக்கிழமையும் போனேன். எல்லாச் சனிக்கிழமையும் இடைவேளைக்கு முன்னால பறந்துச்சு. அந்த ஆப்ரேட்டர் வேற, மெசின் ரூம் ஓட்டை வழியாப் பொம்பளைக பக்கமே பாத்துக்கிட்டு இருப்பாக. படம் ஓட்டுறவன் திரையைல்லா பாக்கணும்? கூட்டம் எவ்வளவுன்னு கணக்குப் பாக்காகன்னு நினைச்சுக்கிட்டேன்.

அடுத்து வந்த தை மாசம் பொண்ணு பாக்க வந்தாக. காப்பியக் கொண்டு போய்ப் பாத்தா, நம்ம ஆப்ரேட்டர்! எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. எங்க அய்யா, ‘பிள்ளைய முன்னப்பின்னப் பாத்திருக்கீகளா’ன்னு கேட்டாக. ‘இல்லவே இல்ல, இப்பத்தான் முதல் தடவை’ன்னு சொன்னாக பாருங்க, முகத்துல ஒரு சலனம் இல்லாம! நான் திட்டினது அவ்வளவு சுத்தமா மறந்துபோச்சு. அவுக ஞாபகசக்தி அப்பவே அப்படித்தான். ஸ்கேன் எடுக்கிறதா இருந்தா அவுகளுக்குல்லா எடுக்கணும்!

என்ன டீச்சர்? கேளுங்க. ஆமா, தம்பி ரெண்டாம் ஆட்டம். நாச்சியா செவ்வாக்கிழமை ராத்திரி ஆட்டம். நான் சனிக்கிழமை மேட்னி மட்டும்தான். இல்ல, வேற ஆட்டத்துல இடைவேளைக்கு முன்னால பறந்ததா யாரும் சொல்லலை. எல்லாரும் கடைசியிலதாங்காக. அவங்களுக்கெல்லாம் எப்படி...

முதல் தடவையா? முதல் தடவை நான்தான் கடைசி வரைக்கும் இல்லையே. அரைமணி நேரத்துல பறக்கும்னாக. அரைமணி நேரம்னா கடைசி. அப்ப முதல் வாரம் கடைசியிலதான்... பெறகு நான் அஞ்சு மணி பஸ்ஸுன்னு சொன்னேன். சனிக்கிழமைன்னு சொன்னேன். அடுத்த சனிக்கிழமை...

இருங்க டீச்சர். பேசாதீக, கொஞ்சம் இருங்க.

ஏங்க! ஏங்க, இங்க வாங்க! பைய சீட்டுல வச்சுட்டு வாங்க, யாரும் முறுக்கைத் திருட மாட்டாங்க. கம்பியப் பிடிச்சுக்கிட்டு வாங்க, பாத்து. கண்டக்டர் சார், ரெண்டு நிமிசம், வீட்டு விசயம்.

நிமிந்து என்னையப் பாருங்க. குதிரை எந்த ரீலு?

சத்தமாச் சொல்லுங்க. ‘பதினஞ்சாவது ரீலு.’ கேட்டீகளா டீச்சர்! ஞாபகமே இல்லாத மனுசன், யோசிக்கக்கூட இல்ல! பதினஞ்சாவது ரீலு எப்படி எட்டாவது ரீலு முடிஞ்சதும் வந்துச்சு? தலையச் சொறியாதீக. யாரு மாத்தினது?

‘சனிக்கிழமை மேட்னி மட்டும்’கிறாக டீச்சர். அஞ்சு வாரமும்! எனக்காகவா? பஸ்ஸுக்குள்ள அத்தனை பேரு இருக்காக, பரவாயில்ல, சொல்லுங்க. எனக்காகவா? ‘நீ அழுதுக்கிட்டே போனியே’ங்கிறாக. அட பாவி மனுசா!

கடைசியில? கடைசியில என்ன செய்தீக? மறுபடியும் சுத்தி, பழைய எடத்துல திரும்ப ஒருக்கா ஓட்டினீகளா? ‘மத்தவங்களை ஏமாத்தக் கூடாதுல்லா’வாம்! அப்ப சனிக்கிழமை மேட்னிக்கு மட்டும் குதிரை ரெண்டு தடவை பறந்திருக்கு! அந்தக் கபாலகேது பய ரெண்டு தடவை மிதி வாங்கியிருக்கான்! டீச்சர், எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது, பூவைப் பிடிங்க, விழப் போகுது.

ஏன் சொல்லலை? முப்பத்தேழு வருசம் ஏன் சொல்லலை? ‘முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்.’ முதலாளி செத்தே இருபது வருசமாச்சு! கொட்டகைய இடிச்சுக் கல்யாண மண்டபம் கட்டியாச்சு! ‘அதுக்கப்புறம் வெக்கமா இருந்துச்சு’ங்கிறாக. பொண்ணு பாக்க வந்தப்போ முதல் தடவையாப் பாக்கேன்னு அய்யாகிட்ட சொல்லிட்டாகளாம், பெறகு எப்படி மாத்திச் சொல்லன்னு விட்டுட்டாகளாம். நான் தலை கெட்டுப்போச்சோன்னு தூங்காமக் கெடந்தேனே, அப்பவாவது... ‘இன்னைக்குப் படம் ஆரம்பிக்க முன்னாடி சொல்லிரணும்னுதான் வந்தேன்.’ அதான் ஒரு வாரமா சோத்தைப் பிசைஞ்சீகளா?

போன் எங்க? குடுங்க. பிரேமா! ஏட்டி பிரேமா! ஸ்கேனும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். குதிரை இடைவேளைக்கு முன்னாலதான் பறந்துச்சு, உங்க அப்பா சொல்லுதாக. அவுகளே பறக்க விட்டாகளாம். பெறகு சொல்லுதேன், வச்சிரு. கோமதிநாயக மாமாவுக்கும் போன் போட்டுச் சொல்லிரு!

பாத்தீகளா டீச்சர், நான் சொன்னது சரியாப்போச்சா? அந்தச் சத்தம் போட்டதுனாலதான் பறந்துச்சு. அதுவும் நான்தான்.

டீச்சர், தப்பா நினைக்காதீக, அந்த அஞ்சாவது சீட்டு காலியாக் கெடக்கு, மஞ்சப்பைதான் இருக்கு. நீங்க அங்க போய் உக்காந்துக்கிடுதீகளா? முறுக்கு எடுத்துத் தின்னுங்க, எல்லாத்தையும் தின்னுங்க. அவுக இங்க உக்காரட்டும்.

உக்காருங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி வாங்க, யாரு பாத்தா என்ன? இன்னைக்குப் பதினஞ்சாவது ரீலு அது எடத்துலயே வரட்டும். கடைசி வரைக்கும் இருந்து பாப்போம். எனக்கு அஞ்சு மணி பஸ்ஸு இல்ல.